500 பிரினெல் தகடு கையில் இருந்தால் கவச வண்டி செய்துவிடலாமா?

கேள்வியின் சுருக்கம் இது. கடலூர் சிப்காட்டில் பட்டறை. நெய்வேலிச் சுரங்க இயந்திரங்களுக்கு 400, 500 பிரினெல் (உலோகக் கடினத்தின் அளவு) தேய்மானத் தகடுகளை வெட்டி, வளைத்து, வெல்டிங் செய்து கொடுத்துப் பழக்கம். அதே தகட்டையும் அதே ஆட்களையும் வைத்து ராணுவக் கவச வண்டிகளுக்கான பாதுகாப்பு வேலையில் இறங்கலாமா, எங்கிருந்து தொடங்குவது?

ஆட்கள் சரி. தகடு ஆகாது. அதைவிட முக்கியம், இந்தத் தொழிலில் தகடுதான் சுலபமான பகுதி. நல்ல தகடு போட்ட வண்டிக்குள்ளும் ஆள் சாகிறான் என்றால் வெல்டிங் மூட்டு, கதவு இடுக்கு, போல்ட், தரை, இருக்கை, உள்ளே பிடித்த தீ ஆகியவற்றைத்தான் சந்தேகப்பட வேண்டும். கீழே நான் அதிகம் எழுதியிருப்பதும் அவற்றைப் பற்றித்தான்.

முதலில் தகடு. ஹார்டாக்ஸ் 500 என்று நீங்கள் வாங்குவதன் கடினம் 470 முதல் 530 பிரினெல். அமெரிக்க ராணுவத்தின் எம்ஐஎல்-டிடிஎல்-46100 என்ற உயர்கடினக் கவச எஃகு விதி கேட்பது 477 முதல் 534. எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் சுரங்கத்தில் தோண்டும் கடலூர் மணற்கல் தகட்டை மெதுவாகத் தேய்க்கிறது. குண்டோ சில மைக்ரோ விநாடிகளில் ஓர் அழுத்த அலையை உள்ளே அனுப்புகிறது. அந்த அலை தகட்டின் பின்முகத்தில் மோதித் திரும்பும்போது அழுத்தம் இழுவையாக மாறும். தகட்டின் உள்ளே கசடுக் கோடோ, உருட்டலில் ஏற்பட்ட அடுக்குப் பிளவோ இருந்தால், குண்டு துளைக்காமலேயே பின்பக்கத்தில் ஒரு சில்லு உரிந்து உள்ளே பறக்கும். அதனால்தான் கவசத் தகட்டுக்கு அல்ட்ராசானிக் சோதனை, குளிரில் எளிதில் முறிகிறதா என்று மைனஸ் 40 டிகிரியில் பார்க்கும் சார்ப்பி மோதல் சோதனை, ஒவ்வொரு உருக்குத் தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்துச் சுட்டுப் பார்த்த சான்று எல்லாம் கேட்கிறார்கள். தேய்மானத் தகட்டுக்கு யாரும் சுட்டுப் பார்த்து உத்தரவாதம் தருவதில்லை. ஹார்டாக்ஸ் தயாரிக்கும் அதே நிறுவனம் கவசத்துக்கென்று ஆர்மாக்ஸ் என்ற தனித் தகட்டை விற்பதும் இதனால்தான். இந்தியாவில் டாங்கிகளுக்கான கவசத் தகடு ஒடிசாவின் ரூர்கேலா எஃகு ஆலையின் சிறப்புத் தகடு பிரிவில் உருள்கிறது. ஹைதராபாத்தின் மிதானி என்ற அரசு உலோக நிறுவனமும் கவச வேலை செய்கிறது.

தடிமனிலும் ஒரு சிக்கல் உண்டு. தேய்மானத் தகடு அரை மி.மீ. குறைந்தால் சில வாரம் முன்னதாக மாற்றுவீர்கள், அவ்வளவுதான். கவசத்தில் எடையைக் குறைக்க விளிம்புவரை கணக்குப் போட்டிருப்பார்கள். அங்கே அரை மி.மீ. குறைந்தால் சோதனையில் தோற்பீர்கள்.

எந்தக் குண்டை, எந்தத் தூரத்தில், எந்தக் கோணத்தில் நிறுத்த வேண்டும் என்பதை எழுத்தில் வாங்காமல் வரைபடம் தொடங்கவே கூடாது. நம் தரைப்படை இதைத் தன் பொதுத் தேவை ஆவணத்தில் சொல்லும். பொதுமொழியாக உலகம் முழுக்கப் பயன்படுவது நேட்டோவின் ஸ்டானாக் 4569 என்ற பாதுகாப்பு நிலை விதி. அதன் நிலை 1 சாதாரண 7.62, 5.56 ரைபிள் குண்டு. நிலை 2 என்பது ஏகே வகைத் துப்பாக்கியின் கவசம் துளைக்கும் தீக்குண்டு, 30 மீட்டரிலிருந்து. நிலை 3-இல் 7.62 துளைக்குண்டுகள், அவற்றில் ஒன்று டங்ஸ்டன் கார்பைடு கரு கொண்டது, விநாடிக்கு 930 மீட்டர் வேகத்தில் வரும். நிலை 4-இல் 14.5 மி.மீ. கனரக எந்திரத் துப்பாக்கிக் குண்டு, 200 மீட்டரிலிருந்து. நிலை 5-இல் 25 மி.மீ. பீரங்கி. கண்ணிவெடிக்குத் தனிக் கணக்கு: நிலை 2-க்கு 6 கிலோ, 3-க்கு 8 கிலோ, 4-க்கு 10 கிலோ டிஎன்டி வெடிதிறன். சக்கரத்தின் கீழ் வைத்தால் ‘அ’, வயிற்றின் நடுவில் வைத்தால் ‘ஆ’ என்று உட்பிரிவு. ‘நிலை 3 வேண்டும்’ என்று யாராவது ஒரு வரியில் சொன்னால், குண்டுக்கா கண்ணிவெடிக்கா, வெடிக்கு என்றால் சக்கரத்திலா வயிற்றிலா என்று திருப்பிக் கேளுங்கள். சக்கரத்தில் வெடிக்கும் 8 கிலோவும் வயிற்றில் வெடிக்கும் 8 கிலோவும் முற்றிலும் வேறு பிரச்சினைகள்.

அடுத்தது எடை. ஒரு சதுர மீட்டர் எஃகு, ஒரு மி.மீ. தடிமனுக்கு 7.85 கிலோ. நடுத்தர அளவு துருப்பு வண்டியில் கவசம் போட வேண்டிய பரப்பு 40 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், எல்லா இடத்திலும் ஒரு மி.மீ. கூட்டினால் 314 கிலோ ஏறும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று 5 மி.மீ. கூட்டினால் ஒன்றரை டன்னுக்கு மேல். அந்த ஒன்றரை டன்னுக்கு அச்சு, ஸ்பிரிங், பிரேக், டயர், கியர்பாக்ஸ் எல்லாம் பதில் சொல்ல வேண்டும். பெரிய வண்டிகளுக்கும் இதே கதைதான். ஆவடியில் வடிவமைத்த அர்ஜுன் டாங்கியின் முதல் வகை 58.5 டன், கூடுதல் பாதுகாப்பும் மற்ற மாற்றங்களும் சேர்ந்த மார்க் 1ஏ 68.25 டன். எஞ்சின் அதே 1400 குதிரைத்திறன். டன்னுக்கு ஏறத்தாழ 24 குதிரைத்திறன் இருந்தது இருபதரையாக இறங்கிவிட்டது. பாலம், ரயில் வேகன், சேற்று நிலம் என்று அந்த எடை போகும் இடமெல்லாம் கூடவே ஒரு கட்டுப்பாடு போகிறது. எனவே கவசம் வடிவமைப்பது என்பது எங்கே போடக் கூடாது என்று முடிவெடுப்பதுதான்.

சாய்த்துப் போட்டால் தகடு லாபம் என்று பலர் நினைக்கிறார்கள். 60 டிகிரி சாய்த்த தகட்டில் நேராக வரும் குண்டு கடக்க வேண்டிய தூரம் இரட்டிப்பாகும், உண்மை. ஆனால் அதே உயரத்தை மூட அந்தத் தகடு இரண்டு மடங்கு நீளமாக வேண்டும். எடையில் மிச்சம் எதுவுமில்லை. குண்டு வழுக்கித் திரும்புவதும், கரு ஒரு பக்கமாக முறிவதும்தான் உண்மையான லாபம். உள்ளே ஆள் உட்காரும் இடம் குறைவது நஷ்டம்.

நிலை 3-க்கு மேலே போகும்போது எஃகு மட்டும் வைத்துச் சமாளிப்பது கடினமாகிவிடும். அங்கே செராமிக் வருகிறது. எஃகின் அடர்த்தி 7.85 என்றால் அலுமினா 3.9, சிலிக்கான் கார்பைடு 3.2, போரான் கார்பைடு 2.5. மிகக் கடினமான அந்த ஓடு குண்டின் கருவை நொறுக்கும், தானும் நொறுங்கும். பின்னால் இருக்கும் அராமிட் (கெவ்லார் வகை இழை) அல்லது பாலிஎத்திலீன் அடுக்கு சிதறலைப் பிடித்துக்கொள்ளும். அறுகோண ஓடுகளாக ஒட்டுவது, ஓர் அடி விழுந்தால் ஓர் ஓடு மட்டும் போகட்டும் என்பதற்காக. இரண்டு ஓடு சந்திக்கும் கோடும் மூன்று ஓடு சந்திக்கும் புள்ளியும்தான் இதில் பலவீனமான இடங்கள். சோதனையில் குறிபார்த்து அங்கேயே சுடுவார்கள், சுடவும் வேண்டும். பசை அடுக்கில் காற்றுக் குமிழ் இருந்தால் அந்த ஓட்டுக்குப் பின்னால் தாங்கல் இல்லை. அடி விழுந்ததும் வளைந்து முன்கூட்டியே உடையும். லாரியிலிருந்து இறக்கும்போது கீழே விழுந்த பேனலை வெளியில் பார்த்து ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று மாட்டிவிடக் கூடாது. எக்ஸ்ரே எடுத்தால்தான் உள் விரிசல் தெரியும்.

இனி வெல்டிங். உங்கள் பட்டறைக்கு இதுதான் உயிர்நாடி என்பதால் சற்று விரிவாக.

500 வகுப்புத் தகடு தண்ணீரில் குளிர்வித்துக் கடினமாக்கப்பட்டது. அதைச் சூடாக்கினால் அந்தக் கடினம் போய்விடும். 200 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் வைத்திருந்தாலே இறங்கத் தொடங்கும். வெல்டிங் கோட்டை ஒட்டிய பகுதி 350 பிரினெலுக்குக் கீழேகூடப் போய்விடும். கேஸ் கட்டிங் செய்த விளிம்பிலும் அதேதான். மென்மையான பட்டை பல மி.மீ. அகலம் இருக்கும். பிளாஸ்மாவில் குறைவு, லேசரில் இன்னும் குறைவு, வாட்டர்ஜெட்டில் கிட்டத்தட்ட இல்லை. கேஸில் வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் முன்சூடு கொடுத்து வெட்டி, விளிம்பைக் கிரைண்டிங் செய்து நீக்கிவிட்டுத்தான் மூட்டுக்குப் போக வேண்டும்.

அடுத்த எதிரி ஹைட்ரஜன். கடினமான தகடு, இழுவிசை, ஹைட்ரஜன் மூன்றும் சேர்ந்தால் வெல்டிங் முடிந்து ஆறின பிறகு, சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்து விரிசல் விடும். கடலூர், புதுச்சேரியில் ஐப்பசி, கார்த்திகை மழையில் பாக்கெட் திறந்து வைத்த ராடு ஒரு ஷிஃப்ட்டுக்குள் ஈரம் குடித்துவிடும். தேய்மான வேலையில் இது பெரிதாகத் தெரியாது, விரிசல் விட்டாலும் மேலே இன்னொரு ஓட்டம் போட்டுவிடலாம். இங்கே முடியாது. குறை-ஹைட்ரஜன் ராடு என்றால் 300 முதல் 350 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் ஓவனில் உலர்த்தி, பிறகு சூடான கைப்பெட்டியில் வைத்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். தகட்டில் துரு, எண்ணெய், பெயின்ட், பனி ஈரம் எதுவும் இருக்கக் கூடாது. காலை ஏழு மணிக்குக் கடற்காற்றில் நனைந்த தகட்டின் மேல் நேராக ஆர்க் அடிப்பதுதான் விரிசலுக்கு மிகச் சுலபமான வழி.

கவச எஃகுக்குப் பரவலாகப் பயன்படுவது 307 வகை ஆஸ்டெனிட்டிக் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி: ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியம், 8 நிக்கல், 6 மாங்கனீஸ். அது ஹைட்ரஜனைத் தன்னுள்ளே கரைத்து வைத்துக்கொள்ளும், இழுவிசைக்கு நெகிழ்ந்தும் கொடுக்கும். நம் பக்கம் மிக் வெல்டிங்கில் தனிக் கார்பன் டை ஆக்சைடு விட்டு ஓட்டுவது வழக்கம். இந்தக் கம்பிக்கு ஆர்கான் கலவை வேண்டும். ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. அந்த வெல்டிங் உலோகத்தின் கடினம் 200 பிரினெல் அளவில்தான். அதாவது 500 பிரினெல் சுவரில் 200 பிரினெல் கோடு ஒன்றை வரைந்துவிட்டீர்கள். ஆகவே குண்டு வரும் திசைக்கு அந்தக் கோட்டைக் காட்டாமல் மூட்டை வடிவமைக்க வேண்டும். மூலையில் ஒரு தகடு மற்றதை மூடிக்கொண்டு நிற்கட்டும். வேறு வழியில்லாத நேர்மூட்டுக்குப் பின்னால் கவசத் தகட்டிலேயே பட்டை வைத்து, மென்மையான பகுதி முழுவதையும் அது மூடட்டும். வெல்டிங் முடிந்த உடனே விரிசலைக் காட்டும் சாயச் சோதனை செய்து ‘பாஸ்’ எழுதாதீர்கள். 48 மணி நேரம் கழித்துச் செய்யுங்கள், தாமத விரிசல் அதற்குள் வெளியே வந்துவிடும்.

வளைக்கும்போது உள் ஆரம் தகட்டுத் தடிமனைப் போல நான்கைந்து மடங்காவது வேண்டும். சரியான எண்ணைத் தகடு தயாரிப்பவரின் அட்டவணையில் பாருங்கள். உருட்டல் திசைக்குக் குறுக்காக வளைப்பது நல்லது. பிரஸ் முன்னால் ஆள் நேராக நிற்கக் கூடாது. முறிந்தால் துண்டு பறக்கும்.

இனி ஓட்டைகளும் இடுக்குகளும். வெளியே தலை தெரியும் போல்ட்டில் குண்டு பட்டால், தகடு நிற்கும், போல்ட் உள்ளே பாயும். அதனால் போல்ட் ஊடுருவாமல் வெளியிலேயே பற்றவைத்த மரையில் பிடிக்கும்படி செய்வார்கள், இல்லையென்றால் உள்ளே மூடி போடுவார்கள். கதவுக்கும் சட்டத்துக்கும் இடையிலான 5 மி.மீ. இடுக்கில் ஈயத் தெறிப்பு உள்ளே வரும். படிபோல மடங்கிய ஒன்றன்மேல் ஒன்று மூடும் விளிம்பு வேண்டும். ஒரு சதுர மீட்டர் கதவு 14 மி.மீ. தகட்டில் 110 கிலோ. கண்ணாடியும் பூட்டும் சேர்ந்தால் 150-ஐத் தாண்டும். சாதாரணக் கீல் சில மாதத்தில் இறங்கி, இடுக்கு மேலே விரிந்து கீழே உரசும். வண்டி பக்கவாட்டில் கவிழ்ந்தால் மேலே வந்த கதவை உள்ளிருந்து ஒருவர் தள்ளித் திறக்க முடியுமா என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கூரையில் தப்பிக்கும் வழி வைப்பது இதற்காகவும்தான்.

கண்ணாடிக் கவசம் எடையை விழுங்கும். 80 மி.மீ. பலஅடுக்குக் கண்ணாடி சதுர மீட்டருக்கு 200 கிலோவுக்கு அருகில். அடுக்குகளை ஒட்டும் படலம் நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஓரங்களில் பிரிந்து வெண்மையாகும். ஓரச் சீல் சரியில்லாமல் தண்ணீர் நின்றால் இன்னும் சீக்கிரம். சட்டத்தில் தண்ணீர் வடிய வழி வையுங்கள்.

உட்சுவரில் ஒட்டும் அராமிட் அல்லது பாலிஎத்திலீன் விரிப்பு, துளைத்து வந்த சில்லுகளின் கூம்பை ஒடுக்கும். அது குண்டை நிறுத்துவதற்கு அல்ல. துளை விழுந்தாலும் ஐந்து பேர் அடிபடும் இடத்தில் ஒருவர் அடிபடுவதோடு முடியட்டும் என்பதற்கு. பாலிஎத்திலீன் 140 டிகிரிப் பக்கம் உருகும். அதற்கு வெகு முன்பே பலம் குறையும். எஞ்சின் சுவரையோ வெயிலில் காயும் கூரையையோ ஒட்டி வைக்கும்போது தயாரிப்பாளர் சொல்லும் வெப்ப வரம்பைப் பாருங்கள். அராமிட் ஈரத்தையும் புறஊதாக் கதிரையும் விரும்பாது. உறை போட்டு, விளிம்பை மூடித்தான் மாட்ட வேண்டும்.

கண்ணிவெடிப் பாதுகாப்பில் பொதுவாகப் பேசப்படுவது வி வடிவ அடிப்பாகம். படகின் அடி அலையைப் பிளப்பதுபோல அது வெடிக்காற்றை இருபுறமும் ஒதுக்கிவிடும். தென்னாப்பிரிக்காவின் காஸ்பிர் வண்டி இதைப் பெரிய அளவில் நிரூபித்தது. இந்தியாவும் அதை வாங்கிப் பயன்படுத்தியது. அதன் வழியில் மேதக் தொழிற்சாலையில் ஆதித்யா வண்டி வந்தது. தரையிலிருந்து உயரமும் பெரிய உதவி. வெடிக்கும் இடத்திலிருந்து தள்ளிப் போகப் போக அழுத்தம் வேகமாகக் குறையும். சக்கரமும் அச்சும் கழன்று பறப்பது தோல்வி அல்ல, அவை பறந்து போகும்போது ஆற்றலையும் எடுத்துக்கொண்டு போகின்றன. அவற்றை அடிப்பாகத்தோடு இறுக்கமாகப் பிணைத்தால்தான் தொல்லை. ஆனால் உயரம் கூடினால் ஈர்ப்பு மையம் ஏறும். கிராமத்துக் கரை உடைந்த சாலையில் கவிழும் வண்டிகள் இவைதான்.

அடிப்பாகம் கிழியாவிட்டாலும் ஆள் பிழைப்பார் என்று சொல்ல முடியாது. தரைத் தகடு சில மில்லி விநாடிகளில் மேலே குதிக்கும். அதன்மேல் வைத்த கால் நொறுங்கும். அதன்மேல் போல்ட் போட்ட இருக்கை முதுகெலும்பை உடைக்கும். அதனால் இருக்கையைக் கூரையிலிருந்தோ பக்கச் சுவரிலிருந்தோ தொங்கவிட்டு, அடியில் நசுங்கி ஆற்றலை வாங்கும் பாகம் வைத்து, நான்கு முனைப் பட்டை போடுகிறார்கள். கால், தரையில் படாத பலகையில் இருக்க வேண்டும். சோதனையில் ஹைப்ரிட் 3 என்ற மனித உருவப் பொம்மையை உட்கார வைத்து அளப்பார்கள்: முதுகெலும்புக்கான டிஆர்ஐ குறியீடு 17.7-ஐத் தாண்டக் கூடாது, கீழ்க்கால் எலும்பில் அழுத்தம் 5.4 கிலோ நியூட்டனைத் தாண்டக் கூடாது. இரட்டைத் தரை போட்டால் இரண்டுக்கும் நடுவில் டூல்பாக்ஸ், கேபிள், பைப் எதையும் திணிக்காதீர்கள். கீழ்த்தரை அதைத் தூக்கி மேல்தரையை அடிக்கும். ஜாக்கி, தீயணைப்பு உருளை, தண்ணீர் கேன், வெடிமருந்துப் பெட்டி எல்லாம் கட்டிவைக்கப்படாவிட்டால் உள்ளே பறக்கும் குண்டுகள்தான். இருக்கையும் பிடிப்புகளும் சிறு பட்டறைக்கு நல்ல வேலை. துல்லியம் கேட்கும், ஆனால் பெரிய எந்திரம் கேட்காது.

தீயைப் பற்றி. துளைத்து வரும் சூடான துகள் டீசல் தொட்டியையோ ஹைட்ராலிக் குழாயையோ கிழித்தால் எண்ணெய் நுண்துளிகளாக உள்ளே பரவி நொடிக்குள் தீப்பந்தாகும். ஆள் கை நீட்டி உருளையை எடுப்பதற்குள் முடிந்துவிடும். ஒளியை உணரும் கருவி சில மில்லி விநாடிகளில் கண்டு, 200 மில்லி விநாடிக்குள் வாயுவை அடித்து அணைக்க வேண்டும். டில்லியில் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் தீ ஆய்வகம் நம் டாங்கிகளுக்கு இந்த அமைப்பை உருவாக்கியது. பழைய அணைக்கும் வாயுவான ஹாலான் 1301 ஓசோன் காரணமாக விலக்கப்பட்டு வருகிறது. மாற்று வாயுக்கள் தீயில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு உண்டாக்கும், எனவே எவ்வளவு சீக்கிரம் அணைகிறதோ அவ்வளவு நல்லது. உணரி வெயிலுக்கும் வெல்டிங் ஆர்க்குக்கும் ஏமாறக் கூடாது. வண்டிக்குள் ரிப்பேர் வெல்டிங் செய்வதற்கு முன் அமைப்பைத் துண்டிக்க மறந்தால் உருளை முழுவதும் காலி.

டாங்கி எதிர்ப்பு ராக்கெட்டுகள் வேறு உலகம். அங்கே வெடிப்பு ஒரு செப்புக் கூம்பை நசுக்கி, முனையில் விநாடிக்கு 8 முதல் 10 கிலோமீட்டர் வேகமுள்ள மெல்லிய தாரையாக்குகிறது. அந்த வேகத்தில் எஃகின் கடினத்துக்கு மதிப்பே குறைவு. தாரையின் நீளமும் இரண்டு பொருள்களின் அடர்த்தியும்தான் ஆழத்தைத் தீர்மானிக்கும். ஆகவே தாரையைக் கலைப்பதுதான் வழி. இடைவெளி விட்டு வைத்த தகடுகள், செராமிக் கலந்த கலப்புக் கவசங்கள், இரண்டு தகடுகளுக்கு நடுவில் வெடிபொருள் வைத்த பெட்டிகள் எல்லாம் இதற்காகத்தான். அர்ஜுனின் கஞ்சன் கவசத்துக்கு அந்தப் பெயர் ஹைதராபாத் கஞ்சன்பாக்கிலிருந்து வந்தது. வெடிப்பெட்டிக் கவசத்தை 1982 லெபனான் போரில் இஸ்ரேல் பயன்படுத்திய பிறகு உலகம் கவனித்தது. பெட்டி வெடித்ததும் தகடுகள் எதிரெதிரே பறந்து, சாய்வாகக் குறுக்கிட்டு, தாரைக்குப் புதுப்புது உலோகத்தை ஊட்டுகின்றன. நேர்செங்குத்தாகப் பட்டால் பயன் மிகக் குறைவு. மெல்லிய உடல் கொண்ட வண்டியில் மாட்டினால் அதன் சொந்த வெடியே சுவரை உள்ளே தள்ளும். பக்கத்தில் நடந்து வரும் காலாட்படைக்கும் ஆபத்து. இரட்டை முனை ராக்கெட்டின் முதல் முனை பெட்டியைத் தீர்த்துவிட்டு இரண்டாவது உள்ளே போகும். வெடிபொருள் சம்பந்தப்பட்ட எதுவும் தனியார் பட்டறைக்குரியது அல்ல, அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கம்பி வேலிக் கவசம் உங்கள் கைக்கு எட்டும். ஆர்பிஜி எனும் தோளில் வைத்து ஏவும் ராக்கெட்டின் மூக்கு இரண்டு பட்டைகளுக்கு நடுவில் சிக்கினால் கூம்பு நசுங்கி, ஃபியூசின் மின்சுற்று குறுக்காகிவிடும். மூக்கு நேராகப் பட்டையில் பட்டால் வழக்கம்போல வெடிக்கும். ஆகவே இது ஏறத்தாழ பாதிக்குப் பாதி வாய்ப்பு, உத்தரவாதம் அல்ல. இடைவெளி அளவு வரைபடத்தில் வரும். பட்டை மேடுபள்ளச் சாலையில் அதிர்ந்து வெல்டிங் விடாமல் இருப்பதும், ஒரு பகுதி நொறுங்கினால் போல்ட்டைக் கழற்றி அதை மட்டும் மாற்ற முடிவதும் உங்கள் பொறுப்பு. உக்ரைன் போருக்குப் பிறகு ட்ரோனுக்காகக் கூரைக்கு மேலும் கூண்டு கட்டுகிறார்கள். டாங்கியின் கவசம் முன்பக்கம் தடித்து, மேலே மெலிந்தது. ட்ரோன் அங்கேதான் வருகிறது. கூண்டு கட்டும்போது கோபுரம் சுழலவும், மூடியைத் திறந்து ஆள் வெளியே குதிக்கவும், ஆன்டெனா நிற்கவும் இடமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வரும் ராக்கெட்டை ரேடாரில் பார்த்து வழியிலேயே அடிக்கும் அமைப்புகளும் உண்டு. சோவியத்தின் ட்ரோஸ்ட் 1980களில் வந்தது; இஸ்ரேலின் டிராஃபி 2011 மார்ச்சில் காசா எல்லையில் முதல் முறை உண்மையான தாக்குதலைத் தடுத்தது. விநாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் 60 மீட்டரிலிருந்து வரும் ராக்கெட்டுக்கு ஐந்தில் ஒரு விநாடிதான் இருக்கிறது. மனிதன் தலையிட இடமில்லை. மின்சாரத் தேவை, சொந்த ரேடியோவோடு குறுக்கீடு, மீண்டும் குண்டேற்றும் எண்ணிக்கை ஆகியவை இதன் பலவீனங்கள். மெதுவாக வரும் சிறு ட்ரோனைப் பறவையிலிருந்து பிரித்தறிவது தனித் தலைவலி. இதில் கடலூர்ப் பட்டறைக்கு வேலை, பிடிமானச் சட்டங்கள் அளவில்தான்.

கடற்கரை என்பதால் துருவைப் பற்றி ஒரு பத்தி. அலுமினியப் பேனலை எஃகில் நேராகப் போல்ட் போட்டால் உப்புக்காற்றில் அலுமினியம் அரிக்கும். நடுவில் காப்பு வாஷரும் சீலன்ட்டும் வேண்டும். 7039 போன்ற வலுவான அலுமினியக் கவசக் கலவைக்கு இழுவிசையோடு உப்பு சேர்ந்தால் விரிசல் விடும் வியாதி உண்டு. 12.9 தரப் போல்ட்டுக்கு மின்முலாம் பூசினால் ஹைட்ரஜன் உள்ளே போய் முறியும். பூசிய நான்கு மணி நேரத்துக்குள் 190 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் சூடாக்கியிருக்க வேண்டும். முலாம் பூசுபவரிடம் அந்தச் சார்ட்டைக் கேளுங்கள். அது இல்லாத போல்ட்டை வாங்காதீர்கள்.

சோதனை. பேனலை ஒரு முறை சுட்டு ‘நின்றது’ என்பதற்கு அர்த்தம் மிகக் குறைவு. வி50 என்ற அளவு, பாதிக் குண்டுகள் துளைக்கும் வேகம். தோட்டாவின் வெடிமருந்து அளவைக் கூட்டிக் குறைத்துச் சுடுவார்கள். பேனலுக்கு 15 செ.மீ. பின்னால் அரை மி.மீ. அலுமினியத் தகடு நிற்கும். அதில் வெளிச்சம் தெரியும் துளை விழுந்தால் முழுத்துளை என்று கணக்கு. துளைத்தவற்றில் வேகம் குறைந்த மூன்று, துளைக்காதவற்றில் வேகம் கூடிய மூன்று, இந்த ஆறும் விநாடிக்கு 27 மீட்டர் இடைவெளிக்குள் வந்தால் அவற்றின் சராசரியே வி50. அதன் பிறகு மூட்டு, மூலை, கீல், பூட்டு, கண்ணாடிச் சட்டம் என்று பலவீனமான இடங்களில் சுடுவார்கள். ஸ்டானாக் முறையில் வண்டிப் பரப்பில் குறைந்தது 90 விழுக்காடு தாங்க வேண்டும். மிச்சப் பத்தும் டிரைவர் தலைக்கு நேராக இருந்தால் அந்தக் கணக்கு உங்களைக் காப்பாற்றாது. கணினியில் மோதல் கணக்குப் போட்டுப் பார்ப்பது பத்து வடிவத்தில் எட்டைத் தள்ளிவிட உதவும், மிஞ்சிய இரண்டைச் சுட்டுத்தான் ஆக வேண்டும்.

தொடங்கும் இடம். தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் தடத்தின் ஐந்து மையங்கள் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி. கடலூர் அதில் இல்லை, அது தடையும் இல்லை. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், கவச வண்டிகளை வடிவமைக்கும் சிவிஆர்டிஇ ஆய்வகமும் இருக்கின்றன. 2021 அக்டோபர் முதல் தொழிற்சாலை ஏவிஎன்எல் என்ற அரசு நிறுவனத்தின் கீழ். இறக்குமதிக்கு மாற்றாக எந்தெந்தப் பாகம் வேண்டும் என்பதை பாதுகாப்பு அமைச்சகத்தின் ஸ்ரீஜன் இணையதளத்தில் பட்டியலிடுகிறார்கள். முழுக் கவச வண்டி செய்யத் தொழில் உரிமம் வேண்டும். அந்த ஆசையை இப்போதைக்கு ஒதுக்கி, இருக்கைச் சட்டம், கூண்டு, பிடிமானம், உட்சுவர் விரிப்புப் பேனலின் சட்டம் இவற்றில் நுழையுங்கள்.

அதற்குமுன் பட்டறையில் மூன்று காரியம். தகட்டுத் தொகுதி எண்ணை ஒவ்வொரு துண்டிலும் பஞ்ச் அடித்துத் தொடர்ந்து கொண்டுபோகும் பழக்கம், மீதித் துண்டிலும். எழுதி, சோதித்து, சான்று வாங்கிய வெல்டிங் முறையும் அதற்குத் தேர்வான வெல்டரும். ராடு ஓவனுக்கு வெப்பப் பதிவேடு. பிறகு உண்மையான கவசத் தகடு ஒன்றை வாங்கி, 307 கம்பியில் ஒரு மூலை மூட்டும் பின்பட்டை வைத்த ஒரு நேர்மூட்டும் செய்து, 48 மணி நேரம் விட்டு விரிசல் பார்த்து, குறுக்கே அறுத்து மி.மீ. மி.மீ.யாகக் கடினம் அளந்து படம் வரையுங்கள். மென்மைப் பட்டை எவ்வளவு அகலம் என்று தெரிந்த பிறகுதான் பின்பட்டையின் அகலத்தை முடிவு செய்ய முடியும். சுட்டுப் பார்க்க உரிமம் பெற்ற இடங்களுக்குத்தான் அனுப்ப வேண்டும். காந்திநகரின் தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு மையம் இருக்கிறது. அனுப்பும்போது தகட்டின் நடுவை மட்டும் சுடச் சொல்லாதீர்கள். மூட்டின் மேலும், கோட்டிலிருந்து 5, 10, 15 மி.மீ. தள்ளியும் குறி வைக்கும்படி சுடும் திட்டத்திலேயே எழுதிக் கொடுங்கள்.